மூன்றாம் பெயரைப் பார்த்து உடும்பு வாங்கலாமா?

புதுவளை:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக முள்வால் உடும்பு ஒன்றை வளர்த்து வருகிறேன், நலமாக இருக்கிறது. அடுத்து ஒரு நீருடும்பு வளர்க்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. பார்க்கப் போன இடத்தில், உடல் முழுக்கக் கறுத்த குட்டி ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார் விற்பவர். "இது வாரனஸ் சால்வேட்டர் கோமைனி, எளிதில் கிடைக்காத துணையினம்" என்றார். (அறிவியல் பெயரில் முதல் இரண்டும் இனத்தைக் குறிக்கும், மூன்றாம் பெயர் அந்த இனத்துக்குள் உள்ள பிரிவான துணையினத்தைக் குறிக்கும்.) பக்கத்துக் கூண்டில் மஞ்சள் புள்ளிகளோடு இன்னொரு குட்டி. அதன் சீட்டில் மாக்ரோமாகுலேட்டஸ் என்று எழுதியிருந்தது. கறுப்புக் குட்டிக்கு விலை பல மடங்கு.

துணையினம் மாறினால் வளர்ப்பு முறையும் மாறுமா? கறுப்பையும் புள்ளியையும் பின்னாளில் இணை சேர்க்கலாமா, அது தவறா? மூத்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரமண்:

தம்பி, முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் ஊர்வன ஆய்வாளர் விரோட் நுட்பந்த் 1987-இல் கோமைனி என்று பெயரிட்டது, தாய்லாந்து - மலேசிய எல்லையை ஒட்டிய கறுப்பு நீருடும்புகளுக்கு. 2007-இல் ஊர்வன ஆய்வாளர் ஆந்த்ரே கோக்கும் அவருடைய குழுவினரும் தென்கிழக்கு ஆசிய நீருடும்புகளின் அருங்காட்சியக மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். கோமைனி என்பது மாக்ரோமாகுலேட்டஸின் கருநிற வடிவம்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். விற்பவர் சொன்ன பெயர்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், நீங்கள் பார்த்த இரண்டு கூண்டுகளிலும் இருந்தது ஒரே துணையினம்.

இன்னொன்றையும் கேளுங்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவை ஒட்டிய தோகியான் தீவுகளிலும் கறுப்பு நீருடும்பு உண்டு. அதுவும் ஒரு காலத்தில் சால்வேட்டரின் துணையினமாகவே எண்ணப்பட்டது. அதே 2007 ஆய்வு அதை வாரனஸ் தோகியானஸ் என்று தனி இனமாக உயர்த்தியது. இரண்டும் கறுப்பு. ஒன்று பெயரையே இழந்தது, மற்றொன்று தனி இனமாகிவிட்டது. தோலின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது எந்தக் காலத்திலும் விளங்காது.

துணையினப் பெயர் என்பது அடிப்படையில் ஓர் இடத்தின் பெயர். இன்றைய வகைப்பாட்டின்படி இலங்கையில் வாழ்வது சால்வேட்டர் சால்வேட்டர். ஆசியப் பெருநிலம், சுமத்ரா, போர்னியோ என்றால் மாக்ரோமாகுலேட்டஸ். ஜாவாவும் அதற்குக் கிழக்கே உள்ள சிறு தீவுகளும் என்றால் பிவிட்டேட்டஸ். அந்தமானுக்கு அந்தமானென்சிஸ், மொலுக்காஸில் உள்ள ஓபி தீவுக்கு 2010-இல் விவரிக்கப்பட்ட சீக்லெரி. எங்கே பிடிக்கப்பட்டது, பெற்றோர் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரியாத குட்டிக்கு மூன்றாம் பெயர் சூட்டுவது, விலாசம் எழுதாத உறைக்குத் தபால்தலை ஒட்டுவதைப் போன்றது.

வளர்ப்பு முறை பற்றிக் கேட்டீர்கள். ஜாவா நீருடும்புக்கும் சுமத்ரா நீருடும்புக்கும் இடையே கூண்டை மாற்றியமைக்கும் அளவுக்கு எந்த வேறுபாடும் இல்லை. இரண்டும் முங்கி நீந்தக் குளம் கேட்கும், ஏறக் கிளை கேட்கும், இரண்டு மீட்டர் நீளத்துக்கு வளரும். மூன்றாம் பெயருக்குக் கொடுக்கும் பணத்தை மண்ணுக்கும் விளக்குக்கும் கொடுங்கள். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் முதல் உடும்பு ஆப்பிரிக்காவின் சவன்னா உடும்பு. கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சீவல். வறண்ட புல்வெளி விலங்கு என்று கேள்விப்பட்டிருந்ததால் ஈரமே படாமல் பார்த்துக்கொண்டேன். வாரம் இரண்டு முறை எலி கொடுத்தேன். கொழுகொழுவென்று வளர்ந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நான்காம் ஆண்டில் இறந்தது. உடற்கூறாய்வு செய்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிறுநீரகத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு, வயிற்றுக்குள் இரு பக்கமும் கொழுப்புக் கட்டிகள். நான்கு ஆண்டுகளாக அது தாகத்திலேயே இருந்திருக்கிறது.

இரண்டாவது உடும்பு ஒருவர் வளர்க்க முடியாமல் கொடுத்தது. அதற்கு இரண்டடி ஆழம் மண் போட்டேன், மணலும் களியும் கலந்து, கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும் பதத்தில். இறக்கிவிட்டதும் நாக்கை நீட்டி மண்ணைத் தொட்டது. மறுபடி தொட்டது. பிறகு முன்கால் இரண்டும் மாறி மாறி வேலை செய்யத் தொடங்கின. அரைமணி நேரத்தில் வால் உட்பட மறைந்துவிட்டது. மூன்று நாள் வெளியே வரவில்லை. நான்காம் நாள் காலை வளையின் வாயில் தலை தெரிந்தது, மூக்குத்துளையைச் சுற்றி ஈரமண் ஒட்டியபடி. வந்தபோது கால்விரல் நுனிகளில் மோதிரம் போல இறுகிக் கிடந்த பழைய சட்டை எல்லாம் தானாகக் கழன்றிருந்தது. அதன் துணையினம் என்ன என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

செதில்கணக்கு:

ஈரமண் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். கோமைனி பற்றி அவர் சொன்னதும் சரி. ஆனால் மூன்றாம் பெயரைத் தபால்தலை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நீருடும்புகளை இனப்பெருக்கம் செய்து வருகிறேன். பெயரில் அலட்சியம் காட்டியவர்கள் செய்துவிட்டுப் போன குழப்பத்தை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதே 2007 ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தோகியானஸ் மட்டும் உயரவில்லை. பிலிப்பைன்ஸின் கமிங்கி, மார்மொரேட்டஸ், நூக்காலிஸ் ஆகிய மூன்றும் அதுவரை சால்வேட்டரின் துணையினங்கள்; அன்றிலிருந்து தனி இனங்கள். மர உடும்புகளிலும் இதே கதைதான். ஆரு தீவுகளின் கறுப்பு உடும்பான பெக்காரியும் பியாக் தீவின் கோர்டென்சிஸும் பச்சை மர உடும்பான பிராசினஸின் துணையினங்களாகக் கருதப்பட்டவை. "எல்லாம் ஓரினம்தானே, மூன்றாம் பெயரில் என்ன இருக்கிறது" என்று அந்நாளில் இணை சேர்த்தவர் வீட்டில் இன்று இருப்பவை எந்த இனத்திலும் சேராத கலப்புகள். அந்த ரத்தத்தை யாரும் திரும்பப் பிரிக்க முடியாது.

வளர்ப்புக்குப் பெயர் தேவையில்லை என்பதும் தவறு. ஐயா வளர்த்த அந்தச் சவன்னா உடும்பையே பாருங்கள். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் வெண்தொண்டை உடும்பு நெடுங்காலம் அதன் துணையினமாகவே நூல்களில் இருந்தது. ஊர்வன ஆய்வாளர் வொல்ஃப்காங் பொய்மே இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை ஆராய்ந்த பிறகுதான் 1980களின் இறுதியில் இரண்டும் வேறு என்பது நிலைபெற்றது. சவன்னா உடும்பு ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடும். வெண்தொண்டை ஒன்றரை மீட்டர், அதற்கு மேலும் போகும். இரண்டுக்கும் ஒரே கூண்டு போதுமா? குட்டியில் அடையாளம் தெரியாமல் வாங்கி, மூன்றாம் ஆண்டில் கதவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த பிறகு கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

புதுவளை தம்பி, கறுப்பையும் புள்ளியையும் இணை சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். இரண்டும் ஒரே பகுதியைச் சேர்ந்தவை என்று ஆவணம் இருந்தால் சேர்க்கலாம், நிறம் ஒரு தடையே இல்லை. ஆவணம் இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

ஈரமண்:

செதில்கணக்கு நண்பரே, நீங்கள் காட்டிய சான்றுகள் என் பக்கமே நிற்கின்றன. பெக்காரியைக் காப்பாற்றியிருக்கக்கூடியது எது? "ஆரு தீவுகள்" என்ற குறிப்பு. பெயர் மாறியது; தீவு மாறவில்லை. 2007 வரை ஆசியப் பெருநிலத்து நீருடும்பை எல்லாம் சால்வேட்டர் சால்வேட்டர் என்றே எழுதி வந்தார்கள். அந்த ஆய்வு அப்பெயரை இலங்கையோடு நிறுத்திவிட்டு, இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1944-இல் சூட்டிய மாக்ரோமாகுலேட்டஸ் என்ற பழைய பெயரை மற்றவற்றுக்கு மீட்டுக் கொடுத்தது. அன்று காலை கூண்டில் இருந்த உடும்புக்கு மாலையில் வேறு பெயர். தாய்லாந்து என்று எழுதி வைத்திருந்தவர் சீட்டைத் திருத்திக்கொண்டார். வெறும் சால்வேட்டர் சால்வேட்டர் என்று எழுதி வைத்தவர் என்ன செய்திருப்பார்?

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நைல் உடும்பில் மழைக்காட்டு வடிவத்தை 1997-இல் பொய்மேயும் தாமஸ் சீக்லரும் வாரனஸ் ஆர்னேட்டஸ் என்று தனி இனமாக்கினார்கள். உடலின் குறுக்கே ஓடும் புள்ளி வரிசைகளின் எண்ணிக்கை, நாக்கின் நிறம் ஆகியவை அடையாளங்கள். வளர்ப்பவர்கள் நாக்கைப் பார்த்துப் பார்த்து நைல் என்றும் ஆர்னேட்டஸ் என்றும் பிரித்து விற்றார்கள். 2016-இல் மரபணுவைப் பார்த்தபோது ஆர்னேட்டஸ் தனி இனமாக நிற்கவில்லை. அதற்குப் பதிலாக மேற்கு ஆப்பிரிக்க உடும்புகள் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்தவை என்று தெரிந்து, ஸ்டெல்லேட்டஸ் என்ற பெயர் உயிர் பெற்றது. நாக்கின் நிறம் சொல்லாததை நிலப்பகுதி சொன்னது.

வெண்தொண்டை பற்றிய உங்கள் எச்சரிக்கையை முழுதாக ஏற்கிறேன். அதைத் துணையினமாக நினைத்த காலத்திலும் அது இரண்டு மடங்கு எடைக்கு வளரத்தான் செய்தது. எவ்வளவு வளரும், எந்தப் பருவத்தில் எப்படி வாழும் என்று கேட்டு வாங்கியவர் அன்றும் ஏமாறவில்லை.

கானகத்தாள்:

நீங்கள் இருவரும் விலாசம், விலாசம் என்கிறீர்கள். அந்த விலாசத்தில் அதை விட்டுவைத்தால் என்ன? யாரும் கேட்கவில்லை என்பதால் நான் கேட்கிறேன்.

வாரனஸ் மாக்ரேயி என்ற நீல மர உடும்பு 2001-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. நியூகினிக்கு மேற்கே பதாந்தா என்ற ஒரு சிறு தீவும் அதை ஒட்டிய திட்டுகளும்தான் அதன் உலகம். செல்லப்பிராணி வணிகம் அதைப் பின்தொடர்ந்து அங்கே போனது. ஈரமண் ஐயா சொல்வது போல் ஊரைத் துல்லியமாக எழுதி வைப்பது உங்களுக்கு ஆவணம்; பிடிக்கப் போகிறவனுக்கு அதுவே வழிகாட்டி. ஒரு தீவில் மட்டும் வாழும் உயிரின் பெயர் வெளியாகும் நாள் எனக்கு அச்சமூட்டும் நாள்.

சவன்னா உடும்புக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றுமதியாகும் குட்டிகளுக்குப் பண்ணையில் பிறந்தவை என்று பெயர். பெரும்பாலும் நடப்பது என்ன தெரியுமா? சினையான பெண் உடும்புகளையோ அவை இட்ட முட்டைகளையோ காட்டிலும் வயலிலும் தோண்டி எடுத்து, பொரித்து, குட்டிகளைப் பெட்டியில் அடைப்பது. பண்ணை என்ற சொல்லைக் கேட்டு மனசாட்சி தூங்கிவிடுகிறது.

வெண்தொண்டை உடும்பை நமீபியாவின் எடோஷாவில் ஜான் ஃபிலிப்ஸ் வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார். ஓர் ஆண் உடும்பு பல சதுர கிலோமீட்டர் பரப்பில் நடமாடியது. மழைக்காலத்தில் சில மாதங்கள் இடைவிடாமல் தின்றுவிட்டு, வறண்ட காலத்தை ஏறக்குறைய பட்டினியிலேயே கழித்தது. அந்த விலங்குக்கு எட்டடிக் கூண்டு கொடுத்துவிட்டு, துணையினம் சரியா தவறா என்று வாதிடுகிறோம். உடும்பைப் புரிந்துகொள்ள அதன் பின்னால் போனாலே போதும். நான் அப்படித்தான் நீருடும்பைக் கற்றேன், ஆற்றங்கரையில் உட்கார்ந்து. வளர்த்ததில்லை. வளர்க்கவும் மாட்டேன்.

ஈரமண்:

அக்கா, சவன்னா உடும்பு பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. என் முதல் உடும்பு அப்படி வந்த பெட்டியில் வந்ததுதான். நான் வாங்கியதால் அடுத்த பெட்டிக்கு இடம் உண்டாயிற்று, அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் இப்போது கைவிடப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த உடும்புகள் உலகமெங்கும் இருக்கின்றன. அவற்றைக் காட்டில் விட முடியாது, விடவும் கூடாது. ஃபுளோரிடாவின் கேப் கோரல் பகுதியில் வளர்ப்பிலிருந்து வெளியேறிய நைல் உடும்புகள் பெருகி அங்குள்ள உயிர்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. இருக்கும் உடும்பை ஒழுங்காக வளர்க்கத் தெரிந்தவர்கள் தேவை. நான் பேசுவது அவர்களுக்காக.

செதில்கணக்கு:

கானகத்தாள் அம்மா, முள்வால் உடும்பைப் பாருங்கள். ஆஸ்திரேலியா தன் நாட்டுக் காட்டுயிர்களை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. ஆனாலும் பல நாடுகளில் முள்வால் உடும்பு கிடைக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கப்பட்டதால். வளர்ப்பவர்கள் இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டால் காட்டின் மேல் உள்ள சுமை குறையும்.

கானகத்தாள்:

முள்வாலுக்குக் காவலாக ஒரு நாட்டின் தடை நிற்கிறது. காட்டிலிருந்து எடுக்க முடியாததால்தான் கூண்டில் பெருக்கினார்கள். தடையில்லாத இடத்து நீருடும்பும் சவன்னாவும் இன்னும் காட்டிலிருந்துதான் வருகின்றன, அங்கே பிடிப்பது வளர்ப்பதைவிட மலிவு என்பதால். உங்கள் எடுத்துக்காட்டு தடைக்குத்தான் சான்று, வளர்ப்புக்கு அன்று.

சட்டத்தையும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். எல்லா உடும்புகளும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருக்கின்றன. கொமோடோ, வங்க உடும்பு, மஞ்சள் உடும்பு, பாலை உடும்பு, மேக உடும்பான நெபுலோசஸ் ஆகியவை வணிகத்துக்கே இடமில்லாத முதல் பட்டியலில். மற்றவை இரண்டாம் பட்டியலில். உடும்பு காட்டில் வாழும் நாடுகள் பலவற்றில் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தம்பி, கறுப்பா புள்ளியா என்பதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள்.

மருந்துப்பெட்டி:

கால்நடை மருத்துவனாகப் பதினெட்டு ஆண்டுகள் ஊர்வனவற்றைப் பார்த்து வருகிறேன். இங்கே நடக்கும் பெயர் வாதத்தில் எனக்கு நாட்டமில்லை. என் மேசைக்கு வருவதைச் சொல்கிறேன்.

முதல் காரணம் நீர் வறட்சி. ஈரமண் பார்த்த அந்த வெள்ளைப் படிவு யூரிக் அமிலம். கம்பிவலை மூடி போட்ட தொட்டியில் விளக்கு எரிந்தால் ஈரப்பதம் எல்லாம் மேலே போய்விடும். உடும்பு மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் நீரை இழக்கும். பாத்திரத்தில் தண்ணீர் இருந்தாலும் அது ஈடாகாது. காட்டில் அது வெயில் நேரம் போக மற்ற நேரத்தை ஈரமான வளைக்குள் கழிக்கிறது. மூடிய கூண்டு, ஆழமான மண், இரண்டும் இருந்தால் பாதி நோயாளிகள் என்னிடம் வரமாட்டார்கள்.

இரண்டாவது, கொழுப்பு. கானாவில் டேனியல் பெனட் நடத்திய களஆய்வுகள் காட்டிய சவன்னா உடும்பு, சிள்வண்டு, வண்டு, மரவட்டை, தேள் என்று முதுகெலும்பில்லாத உயிர்களைத் தேடித் தேடித் தின்னும் விலங்கு. அதற்கு வாரம் இரண்டு எலியைக் கொடுத்து, நடக்க இடமும் கொடுக்காவிட்டால் ஈரல் தாங்காது. நீருடும்பு அப்படியில்லை, அது மீன், நண்டு, முட்டை, எலி, செத்த விலங்கு எதையும் தின்னும். இனம் அறிவது இங்கே உயிர் காக்கும். துணையினம் அறிந்ததால் நான் காப்பாற்றிய உடும்பு என்று ஒன்றும் நினைவில் இல்லை.

மூன்றாவது, முதுகில் தீக்காயம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, வலுவான ஒற்றை விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிடுகிறார்கள். ஒளிவட்டம் உள்ளங்கை அகலம், உடும்போ மூன்றடி. முதுகின் நடுவில் மட்டும் சூடு ஏறும், தலையும் வாலும் குளிர்ந்தே இருக்கும். உடல் வெப்பம் 36, 37 பாகையை எட்டும்வரை அது எழுந்து போகாது. நடு முதுகு வெந்துவிடும். வலுக்குறைந்த இரண்டு மூன்று விளக்குகளை வரிசையாக வைத்து, உடும்பின் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் காயும்படி செய்யுங்கள்.

பெண் உடும்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஆண் இல்லாவிட்டாலும் முட்டை உருவாகலாம். முட்டையிடத் தகுந்த ஆழமான, கதகதப்பான மண் இல்லையென்றால் முட்டையை அடக்கிக்கொண்டே இருந்து இறக்கும். சென்ற மாதம் ஒன்றை இழந்தோம். இருபது முட்டைகள். கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்திருந்தார்கள்.

புதுவளை:

மருத்துவர் ஐயா சொன்னதைப் படித்ததும் என் முள்வாலின் கூண்டை எழுந்துபோய்ப் பார்த்தேன். ஒற்றை விளக்குதான். மண் நான்கு விரற்கடை.

இன்னொரு ஐயம். இரண்டு குட்டிகளின் படத்தை இங்கே போட்டால் துணையினத்தைச் சொல்லிவிட முடியுமா?

செதில்கணக்கு:

முடியாது தம்பி. யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீருடும்புக் குட்டி பிறக்கும்போது மஞ்சள் பட்டைகளும் புள்ளிகளும் பளிச்சென்று இருக்கும். வளர வளர மங்கி, முதிர்ந்தவற்றில் சில ஏறக்குறைய ஒரே பழுப்பாகிவிடும். ஒரே உடும்பின் இரு வயதுப் படங்களைக் காட்டினால் இரண்டு துணையினம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வாரனஸ் வேரியஸில் அகலமான பட்டைகள் கொண்ட ஒரு வடிவம் உண்டு. பார்ப்பவர்கள் தனி இனம் என்று சத்தியம் செய்வார்கள். அது வெறும் நிற வேறுபாடு. ஆய்வாளர்கள் உடலைச் சுற்றியும் வயிற்றின் நீளவாக்கிலும் செதில் வரிசைகளை எண்ணுகிறார்கள், பிடரிச் செதிலின் அளவைப் பார்க்கிறார்கள், அதுவும் ஒன்றல்ல, பல உடும்புகளில். நானும் எண்ணுவேன்; என் பெயரே அதனால் வந்தது. உரித்த சட்டையை ஈரத்துணியில் விரித்து வைத்து எண்ணுவது எளிது, உடும்புக்கும் தொல்லையில்லை.

இரண்டு நாளாக ஒன்று மனத்தை உறுத்துகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். என்னிடம் உள்ள மூத்த இணையைப் பிவிட்டேட்டஸ் என்று வாங்கினேன். கழுத்துப் பட்டைகளைப் பார்த்து நானும் நம்பினேன். ஈரமண் ஐயாவின் பதிவைப் படித்த இரவு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஜாவா என்று எங்கேயும் இல்லை. ஏற்றுமதி ஆன நகரம் ஜகார்த்தா என்று மட்டும் இருக்கிறது. சுமத்ராவில் பிடித்ததும் அங்கே வரும், சுலவேசியில் பிடித்ததும் அங்கே வரும். நான் அதைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு ஈட்டுக் குட்டிகளை அந்தப் பெயரோடு கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்களுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்: "சால்வேட்டர், துணையினம் உறுதியில்லை, பெற்றோர் ஜகார்த்தா வழியாக வந்தவர்கள்."

பெயர் முக்கியம் என்ற என் நிலையிலிருந்து நான் இறங்கவில்லை. முக்கியம் என்பதால்தான் அந்தப் பொய்ப் பெயரை எடுத்துவிடுகிறேன்.

ஈரமண்:

நண்பரே, இவ்வளவு வெளிப்படையாக எழுத எல்லாருக்கும் மனம் வராது. உங்கள் சீட்டில் எழுதிய அந்த வரி நூறு கோமைனிச் சீட்டுகளைவிட மதிப்புள்ளது. உறுதியில்லாத அந்த இணையை இனி இனப்பெருக்கத்துக்கு விடுவீர்களா?

செதில்கணக்கு:

விடமாட்டேன். அவற்றுக்கு வயது பதினொன்று. இருக்கும்வரை என்னோடு இருக்கட்டும்.

கானகத்தாள்:

அந்த முடிவுக்கு நன்றி. கருத்து மாறவில்லை, ஆனாலும் நன்றி.

புதுவளை:

விற்பவரிடம் மறுபடி போனேன். மூன்று கேள்விகள் கேட்டேன்: இது முட்டையிலிருந்து பொரிந்தது எங்கே, பெற்றோர் எங்கே பிடிக்கப்பட்டவை, உரிமத் தாள் எங்கே? முதல் இரண்டுக்கும் "இறக்குமதி" என்ற ஒரே விடை. மூன்றாவதற்கு, வாங்கிய பிறகு தருவதாகச் சொன்னார். கறுப்புக் குட்டி என் விரலை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வருவது கடினமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நீருடும்புக்காக ஒதுக்கியிருந்த அறையில் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கயிற்றைத் தரையில் போட்டுப் பார்த்தேன். அந்த நீளத்து விலங்கு திரும்பவே இடம் போதாது. குளம் எங்கே வைப்பது? நீருடும்பு இப்போதைக்கு இல்லை.

முள்வாலுக்கு ஒன்றரை அடி மண் போட்டேன், கையில் உருண்டை நிற்கும் பதத்தில். விளக்கு மூன்றாகிவிட்டது. முதல் நாள் மண்ணின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்றும் செய்யவில்லை. நேற்று ஒரு தட்டைக்கல்லை மண்ணில் பாதி புதைத்து வைத்தேன். இன்று காலை கல்லுக்கு அடியில் அதன் உடல் அகலத்துக்கு ஒரு துளை, வாயிலில் புதிதாகத் தள்ளிய மண் குவியல். இன்னும் வெளியே வரவில்லை. மூன்று நாள் ஆகலாம் என்று ஈரமண் அண்ணா எழுதியிருப்பதால் தோண்டிப் பார்க்காமல் காத்திருக்கிறேன்.